ஒத்தி வீட்டில் இருப்பவர் வரிசையில் எங்கே நிற்கிறார்?

"அவுகளும் காசு குடுத்தவுக, நாங்களும் காசு குடுத்தவுக. அவுக மட்டும் எப்பிடி சார் முன்னாடி வந்தாக?" வாசலில் நின்ற வங்கி அதிகாரியைக் கையால் காட்டி ஓர் அம்மாள் என்னிடம் கேட்ட கேள்வி இது. மதுரைப் புறநகரில் ஒரு வீட்டின் சுவாதீனத்தை எடுத்து வங்கியிடம் ஒப்படைப்பதற்காக, தலைமைக் குற்றவியல் நடுவர் நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞர் ஆணையராக நான் அங்கே போயிருந்தேன். கடன் வாங்கியவர் வீட்டு உரிமையாளர். அவர் அந்த ஊரிலேயே இல்லை. உள்ளே இருந்தது ஏழு லட்ச ரூபாய் கொடுத்து ஒத்திக்கு வந்த குடும்பம். அந்தக் கேள்விக்குச் சட்டம் படித்த எவராலும் ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லிவிட முடியும்: வங்கியின் அடமானம் பதிவானது, உங்களுடையது பதிவாகாதது. பதில் சரிதான். ஆனால் அந்தப் பதிவு ஏன் நடக்கவில்லை, நடக்காதபடி எது தடுத்தது என்று தேடத் தொடங்கியபின், இந்தச் சரியான பதிலோடு என்னால் அமைதியாக இருக்க முடியவில்லை.

ஆணையரின் வேலை வாதாடுவதல்ல. நீதிமன்றம் சொன்னதைச் செய்து, செய்ததை அறிக்கையாகத் தாக்கல் செய்வது. வீட்டில் உள்ள பொருள்களை ஒவ்வொன்றாகப் பட்டியல் எழுத வேண்டும். பீரோ, கட்டில், கிரைண்டர், பெடலோடு கூடிய தையல் இயந்திரம், அதன் ஊசிக்கடியில் பாதி தைத்த நிலையில் ஒரு ரவிக்கை, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய பள்ளிச் சீருடை. நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மாள் ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து அவர்களுடைய ஒப்பந்தத்தை எடுத்துக் கொடுத்தார். இருபது ரூபாய் முத்திரைத்தாள். காலம் பதினொரு மாதம். தொகை ஏழு லட்சம், வாடகை இல்லை, தொகைக்கு வட்டி இல்லை, வீட்டைக் காலி செய்யும்போது முழுத் தொகையும் திருப்பித் தரப்படும் என்று தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. தாளின் பின்பக்கத்தில், ஒவ்வொரு முறை பதினொரு மாதம் முடிந்தபோதும் "மேற்படி ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது" என்று பேனாவால் எழுதி உரிமையாளர் கையெழுத்திட்டிருந்தார். இரண்டு சாட்சிகள், நோட்டரி முத்திரை. மடித்த இடங்களில் தாள் கிழிந்து, செல்லோடேப் ஒட்டப்பட்டிருந்தது. அந்தக் குடும்பத்தின் சேமிப்பு முழுவதற்கும் இருந்த ஆவணம் அது ஒன்றுதான்.

மதுரைப் பக்கம் ஒத்தி என்றும், சென்னையில் லீஸ் என்றும், பத்திரத்தில் போக்கியம் என்றும் சொல்லப்படும் இந்த ஏற்பாட்டைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. மாதாமாதம் வாடகை கட்டினால் அந்தப் பணம் போனது போனதுதான். ஒத்திக்குப் போனால் பணம் அப்படியே திரும்பிவரும் என்ற கணக்கு எல்லோருக்கும் தெரியும். நகையை விற்றும், சீட்டு எடுத்தும், ஓய்வுபெற்றபோது வந்த பணிக்கொடையைக் கொண்டும், வளைகுடாவில் சம்பாதித்து அனுப்பியதைச் சேர்த்தும் இந்தத் தொகையைத் திரட்டுகிறார்கள். உரிமையாளருக்கோ இது வட்டியில்லாத முதல். வங்கியில் கடன் கிடைக்காதவர்கள் ஒத்திப் பணத்தில்தான் மாடி கட்டுகிறார்கள், மகள் கல்யாணத்தை நடத்துகிறார்கள். காலி செய்யும்போது அடுத்து வருபவரிடம் வாங்கி முந்தையவருக்குக் கொடுக்கிறார்கள். இந்தச் சங்கிலி அறுபடாதவரை யாருக்கும் சட்டம் தேவைப்படுவதில்லை.

கடன் கொடுத்தவரா, குடியிருப்பவரா?

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இந்த ஏற்பாட்டை நன்றாகவே அறிந்திருக்கிறது. அதன் 58-ஆவது பிரிவின் டி உட்பிரிவு, சொத்தின் சுவாதீனத்தைக் கடன் கொடுத்தவரிடம் ஒப்படைத்து, வட்டிக்குப் பதிலாக அதை அவர் அனுபவிக்க விடும் அடமானத்தை வரையறுக்கிறது. கடன் தீரும்வரை அவரை வெளியேற்ற முடியாது. அந்த அம்மாள் தன்னைக் கடன் கொடுத்தவராகச் சொன்னது ஆத்திரத்தில் வந்த பேச்சல்ல. சட்டத்தின் பார்வையும் அதுவேதான். சிக்கல் அதற்கு அடுத்த பிரிவில் இருக்கிறது. நூறு ரூபாயோ அதற்கு மேலோ உள்ள கடனுக்கான அடமானம், மூலப்பத்திரங்களை வங்கியில் வைக்கும் முறையைத் தவிர மற்ற எல்லா வகையிலும், குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்ட, பதிவு செய்யப்பட்ட பத்திரத்தால் மட்டுமே செல்லும் என்கிறது 59-ஆவது பிரிவு. ஏழு லட்சத்துக்கு எழுதிய இருபது ரூபாய்த் தாள் அந்த இடத்திலேயே அடமானமாக இல்லாமல் போகிறது.

அடமானம் இல்லையென்றால் குத்தகையாகவாவது நிற்குமா? ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையையும் பதிவு செய்தாக வேண்டும் என்பதால்தான் ஊரெங்கும் பதினொரு மாதம் என்று எழுதுகிறார்கள். பதிவைத் தவிர்க்க எடுத்த அந்த வழியே குடியிருப்பவரைப் பின்னாளில் பலவீனமாக்குகிறது. வாராக்கடன்களுக்காக வங்கிகள் நீதிமன்ற வழக்கில்லாமலேயே சொத்தைக் கைப்பற்ற இடமளிக்கும் 2002-ஆம் ஆண்டின் சர்பாசி சட்டத்தின் கீழ், குடியிருப்பவரின் நிலை என்ன என்பதை உச்ச நீதிமன்றம் பலமுறை பரிசீலித்திருக்கிறது. 2014-இல் ஹர்ஷத் கோவர்தன் சோண்டாகர் வழக்கும், 2016-இல் விஷால் கல்சாரியா வழக்கும் குடியிருப்பவர்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுத்தன. 2016-இல் வந்த சட்டத்திருத்தம், குடியிருப்பவரும் தன் உரிமையைக் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் நிலைநாட்டலாம் என்று வழி திறந்தது. ஆனால் 2019-இல் பஜ்ரங் ஷியாம்சுந்தர் அகர்வால் வழக்கின் தீர்ப்பு, வாய்மொழிக் குத்தகையோ பதிவில்லாத குத்தகையோ உள்ளவர், சொத்து மாற்றுச் சட்டத்தின் 107-ஆவது பிரிவு அனுமதிக்கும் காலத்துக்கு மேல் வங்கிக்கு எதிராகச் சுவாதீனம் கேட்க முடியாது என்று சொல்லிவிட்டது.

அந்தக் குடும்பத்துக்கு முன்னறிவிப்பே இல்லாமல் இது நடந்துவிடவில்லை. கடன் வாங்கியவருக்கு 60 நாள் அறிவிப்பு, அதன்பின் கதவில் ஒட்டப்படும் சுவாதீன அறிவிப்பு, இரண்டு நாளிதழ்களில் விளம்பரம் என்று படிப்படியாகத்தான் எல்லாம் நடக்கும். கதவில் ஒட்டிய தாளைப் பார்த்து அவர்கள் உரிமையாளருக்குப் பேசியபோது, "நான் பார்த்துக்கிறேன், நீங்க பேசாம இருங்க" என்று அவர் சொல்லியிருக்கிறார். தீர்ப்பாயத்துக்குப் போக உள்ள 45 நாள் கெடு அந்தப் பேச்சை நம்பியிருந்தபோதே கரைந்துபோனது. கடிதம் உரிமையாளரின் பெயருக்கு வருகிறது, கதவோ இவர்களுடையதாக இருக்கிறது. ஒத்தி வீடுகளில் நான் பார்த்த துயரங்களில் பாதிக்கு மேல் இந்த இடைவெளியில்தான் நிகழ்ந்திருக்கின்றன.

யார் முதலில் வந்தார்கள்?

ஆணையர் அறிக்கையைத் தாக்கல் செய்ததோடு என் வேலை முடிந்தது. ஆனால் அந்தச் சொத்தின் வில்லங்கச் சான்றை ஒருநாள் இரவு பதிவுத்துறையின் இணையதளத்தில் எடுத்துப் பார்த்தேன். யாரும் கட்டணமின்றிப் பார்க்கக்கூடியதுதான் அது. மூலப்பத்திரங்களை வங்கியில் வைத்து எழுதிய ஒப்படைப்பு ஆவணம் அதில் பதிவாகியிருந்தது. அதன் தேதியைப் பார்த்தபோது கணினித் திரைக்கு முன் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த முத்திரைத்தாளின் முதல் தேதி எனக்கு நினைவிருந்தது. ஒத்திக் குடும்பம் வங்கிக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே அந்த வீட்டுக்கு வந்துவிட்டது. வங்கி கடன் கொடுத்த அன்று அவர்கள் உள்ளேதான் இருந்திருக்கிறார்கள்.

பின்னர் அவர்கள் சார்பில் தீர்ப்பாயத்தில் தாக்கலான தாள்களைப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. வங்கிக்காக வீட்டை மதிப்பீடு செய்த பொறியாளர் நேரில் வந்து அளந்திருக்கிறார். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றது இந்த அம்மாளின் மகன் என்று மனுவில் எழுதியிருந்தார்கள். மதிப்பீட்டு அறிக்கையில் "குடியிருப்போர்" என்ற கட்டத்தில் "வாடகைதாரர்" என்று ஒற்றைச் சொல் நிரப்பப்பட்டிருந்தது. எவ்வளவு வாடகை, எவ்வளவு முன்பணம், எந்த ஒப்பந்தத்தின் கீழ் இருக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஒருவர் நேரடியாகச் சுவாதீனத்தில் இருந்தால் அவருடைய உரிமை பற்றிய அறிவிப்பு சொத்தைப் பெறுபவருக்கு இருந்ததாகவே கருதப்படும் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் பதிவில்லாத அடமானம் உரிமை எதையும் உண்டாக்காதபோது, எந்த உரிமை பற்றிய அறிவிப்பு என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டால் அதற்கு விடை கிடையாது. அளவு டேப்பைப் பிடித்த பையன் கண்ணுக்குத் தெரிந்தான். அவர்கள் குடும்பம் கொடுத்த ஏழு லட்சம் தெரியவில்லை.

இதுவரை இதைக் கவனக்குறைவின் கதை என்றே நானும் எடுத்துக்கொண்டிருந்தேன். பதிவு செய்யாமல் பணம் கொடுப்பவர்களுக்கு என்ன செய்ய முடியும் என்பது எங்கள் வழக்கறிஞர் அறைகளில் வழக்கமாகச் சொல்லப்படுவது. ஆனால் அந்த இரண்டு பதிவுகளுக்கும் ஆகும் செலவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது என் எண்ணம் மாறியது. தமிழ்நாட்டில் மூலப்பத்திரங்களை வங்கியில் வைப்பதற்கான ஆவணத்துக்கு முத்திரைத் தீர்வை கடன் தொகையில் 0.5 சதவீதம், அதுவும் 30,000 ரூபாய் உச்சவரம்புக்கு உட்பட்டது. சுவாதீனத்தோடு கூடிய அடமானத்துக்கு, அதாவது முறையாக எழுதினால் ஒத்தி எதுவாக இருக்குமோ அதற்கு, முத்திரைத் தீர்வை 4 சதவீதம். பதிவுக் கட்டணம் இரண்டுக்கும் தனி. 25 லட்சம் வீட்டுக்கடனுக்கு வங்கி தன் இடத்தை 12,500 ரூபாய் தீர்வையில் உறுதிசெய்துகொள்கிறது. ஏழு லட்சம் கொடுக்கும் குடும்பம் அதே பாதுகாப்பைப் பெற 28,000 ரூபாய் கட்ட வேண்டும். நகையை விற்றுப் பணம் திரட்டியவரிடம், இதற்குமேல் 28,000 கட்டிப் பதிவு செய்யுங்கள் என்று சொன்னால் அவர் செய்ய மாட்டார். செய்யாததற்காக அவரைக் குறைசொல்ல இப்போது எனக்கு மனம் வருவதில்லை.

உரிமையாளர் தரப்பு

அந்த வீட்டு உரிமையாளர் ஏமாற்றும் எண்ணத்தோடு ஒத்திக்கு விட்டார் என்று நான் நினைக்கவில்லை. ஒத்திப் பணத்தைத் தொழிலில் போட்டார்; தொழில் நெருக்கடிக்கு உள்ளானபோது வீட்டின் மீது கடன் வாங்கினார்; கடனும் தொழிலும் சேர்ந்து மூழ்கின. ஒத்தியைப் பதிவு செய்ய உரிமையாளர்கள் மறுப்பதற்குக் காரணம் எப்போதும் கெட்ட எண்ணம் அல்ல. பதிவானால் வில்லங்கச் சான்றில் வரும், வந்தால் நாளை அவசரத்துக்கு வங்கியில் கடன் கிடைக்காது என்று அஞ்சுகிறார்கள். பதிவின் பயனே அதுதான் என்றாலும், எதிர்காலக் கடனுக்கான வாசலை ஒரு குடித்தனத்துக்காக மூடிக்கொள்ள எவரும் எளிதில் முன்வர மாட்டார்கள் என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். தொகையில் பெரும்பகுதி ரொக்கமாகக் கைமாறுவது இன்னொரு காரணம். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனாகவோ வைப்பாகவோ ரொக்கத்தில் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வாங்கிய தொகைக்கு இணையான அபராதம் வரலாம். அப்படி வாங்கியவர் அதைச் சார்பதிவாளர் முன் எழுதிவைக்கத் தயங்குவார்.

சென்னையில் நடந்த இன்னொரு வகை மோசடி முற்றிலும் வேறானது. இடைத்தரகு நிறுவனங்கள் உரிமையாளரிடம் மாத வாடகைக்கு வீட்டை எடுத்து, அதே வீட்டை வேறொருவருக்குப் பெருந்தொகைக்கு லீஸுக்கு விட்டு, சில மாதங்கள் வாடகை கட்டிவிட்டு மறைந்துபோயின. அங்கே உரிமையாளரும் குடியிருப்பவரும் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லாமல் எதிரெதிரே நிற்க நேர்ந்தது. அது காவல்துறையும் குற்றவியல் நீதிமன்றமும் பார்க்க வேண்டிய விஷயம். நான் பேசுவது, யாரும் திருடாமலேயே ஒரு குடும்பம் தெருவுக்கு வந்துவிடுவதைப் பற்றி.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் இதைத் தீர்க்கும் என்று சிலர் நம்புகிறார்கள். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும், வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாதவரை முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்பன நல்ல விதிகள். மாத வாடகை என்பதே இல்லாத ஒத்திக்கு அந்த மூன்று மாத அளவுகோல் எப்படிப் பொருந்தும்? வாடகை அதிகாரி தரும் பதிவு எண் குடித்தனத்துக்கு ஆதாரமாகுமே ஒழிய, கொடுத்த ஏழு லட்சத்தை வீட்டின் மீதான பொறுப்பாக மாற்றாது.

சியோலில் என்ன செய்தார்கள்

ஒத்தி நம் ஊருக்கு மட்டும் உரியது என்றே பலரும் எண்ணுகிறார்கள். தென் கொரியாவில் ஜியோன்சே என்ற பெயரில் இதே ஏற்பாடு பெரிய அளவில் இருக்கிறது. பெருந்தொகையைக் கொடுத்து, வாடகையின்றி இருந்து, காலம் முடிந்ததும் தொகையைத் திரும்பப் பெறுகிறார்கள். அங்கேயும் மோசடிகள் நடந்தன. இன்சியோன் நகரில் ஏராளமானோர் பாதிக்கப்பட்டபின் 2023 மே மாதம் பாதிக்கப்பட்டோருக்கான தனிச் சட்டத்தை அவர்களுடைய நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதற்கு வெகுமுன்பே, 1981-இல் இயற்றிய குடியிருப்புக் குத்தகைப் பாதுகாப்புச் சட்டத்தில் ஓர் எளிய வழியை அவர்கள் வளர்த்தெடுத்திருந்தார்கள். குடிவந்தவர் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு வட்டார நிர்வாக அலுவலகத்துக்குப் போய், முகவரி மாற்றத்தைப் பதிந்து, ஒப்பந்தத்தில் தேதி முத்திரை வாங்க வேண்டும். கட்டணம் 600 வோன், நம் கணக்கில் ஐம்பது ரூபாய்க்கும் குறைவு. உரிமையாளரின் சம்மதம் தேவையில்லை. வீடு ஏலத்துக்கு வந்தால், அந்தத் தேதிக்குப் பின் வந்த அடமானக்காரர்களுக்கு முன்பாக இவருக்குப் பணம் கிடைக்கும். மிகச் சிறிய தொகை கொடுத்தவர்களுக்கு, முன்பே இருக்கும் அடமானத்தையும் தாண்டி ஒரு குறிப்பிட்ட பகுதி முதலில் வழங்கப்படும். இந்தப் பாதுகாப்பு குடிபுகுந்த மறுநாள் தொடங்குவதால், குடிபுகும் அதே நாளில் வங்கிக்கடன் வாங்கி ஏமாற்றிய உரிமையாளர்களும் அங்கே உண்டு. ஓட்டை இருக்கும் சட்டம்தான். ஆனாலும் அந்த அம்மாள் கேட்ட கேள்விக்கு அங்கே ஒரு தேதி முத்திரை பதில் சொல்லும்.

இப்போது ஒத்தி பற்றிக் கேட்டு வருபவர்களிடம் நான் சொல்வது இவைதான். வில்லங்கம் போட்டுப் பாருங்கள். மூலப்பத்திரத்தின் அசலைக் கண்ணால் பாருங்கள். அசல் கையில் இல்லை என்றால் அது எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். வீடு ஏற்கெனவே வங்கியில் இருந்தால் ஒத்திக்குப் போகவே போகாதீர்கள். அடமானத்தில் உள்ள சொத்தை உரிமையாளர் குத்தகைக்கு விடும்போது நியாயமான வாடகை இருக்க வேண்டும், முன்தொகை எதுவும் வாங்கக்கூடாது, வாடகையை முன்கூட்டியே பெறக்கூடாது என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 65ஏ பிரிவு நிபந்தனை விதிக்கிறது. ஒத்தி அதற்கு நேர் எதிரான ஏற்பாடு என்பதால், வங்கிக்கு எதிராக அது நிற்காது. பணத்தைக் காசோலையாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ மட்டும் கொடுங்கள். முடிந்தால் பதிவு செய்யுங்கள். "முடிந்தால்" என்று சொல்லும்போது ஒவ்வொரு முறையும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது, ஏனென்றால் பெரும்பாலானோரால் முடியாது என்று தெரிந்தே சொல்கிறேன்.

அந்தக் குடும்பத்தின் தீர்ப்பாய மனு தள்ளுபடியானது. உரிமையாளர் மீது காவல் நிலையத்தில் கொடுத்த புகாருக்கு, இது சிவில் வழக்கு என்ற பதில் கிடைத்தது. மிஞ்சியது பணத்தைத் திரும்பக் கேட்கும் வழக்கு. அதற்கு நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம், ஏழு லட்சத்துக்கு 21,000 ரூபாய். வீடு ஏலத்தில் போனபின் வங்கியின் பாக்கியும் செலவும் போக ஏதாவது மிஞ்சினால்தான் அதன்மீது இவர்கள் உரிமை கோர முடியும். வீட்டில் இருக்கும்வரை வீடே அவர்களுக்கு ஈடாக இருந்தது. சாவியை வாங்கி வங்கி அதிகாரியிடம் கொடுத்தபோது, நீதிமன்ற ஆணைப்படி நான் எடுத்துக்கொடுத்தது அந்த ஈட்டையும் சேர்த்துத்தான்.

தமிழக அரசு செய்யக்கூடியது பெரிய காரியம் அல்ல. குடியிருப்பு வீட்டுக்கான ஒத்திக்கு, ஒரு குறிப்பிட்ட தொகை வரை, முத்திரைத் தீர்வையைச் சில நூறு ரூபாய் நிலையான கட்டணமாக்கலாம். இரண்டு பக்கத்தில் ஒரு மாதிரிப் பத்திரத்தைத் தமிழில் வெளியிடலாம். அந்தப் பதிவு வில்லங்கச் சான்றில் தெரியும்படி செய்தால், கடன் கொடுக்கப் போகும் வங்கிக்கும் அது நல்லதுதான். ஒத்தித் தொகையைக் கழித்துக்கொண்டு எவ்வளவு கடன் தரலாம் என்று அது கணக்கிட்டுக்கொள்ளும். குடியிருப்போர் எந்த அடிப்படையில் இருக்கிறார்கள் என்பதை அவர்களிடமே எழுதி வாங்காமல் வீட்டின் மீது கடன் தரக்கூடாது என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி விதி வகுக்கலாம். தீர்வையைக் குறைத்தால் அரசுக்கு வருவாய் இழப்பு என்று இதற்கு எதிர்ப்பு வரும் என்று எனக்குத் தெரியும். என் மேசைக்கு வந்த ஒத்தி ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை இருபது ரூபாய், நூறு ரூபாய் முத்திரைத்தாள்களில் எழுதப்பட்டவை. அவற்றிலிருந்து அரசுக்கு அந்த 4 சதவீதம் ஒருநாளும் வந்து சேர்ந்ததில்லை.